எழுபது லிட்டர் கடல்நீரில் எந்த வண்ண மீன்? ஐந்து மீன்களின் ஒப்பீடு

இரண்டடித் தொட்டியில் உப்புநீர் நிரப்பி, கற்களை அடுக்கி, ஐந்தாறு வாரங்கள் பொறுத்திருந்து, கழிவிலிருந்து உண்டாகும் நஞ்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டதைச் சோதனைக் குப்பியில் பார்த்த பிறகு முதல் மீனை வாங்கப் புறப்படுகிறவர்களுக்கு, கடையில் நுழைந்ததும் ஒரு திகைப்பு வருகிறது. ஆரஞ்சு நிறக் கோமாளி மீனா, கண்ணைப் பறிக்கும் நீல டாம்செலா, முன்பாதி ஊதாவும் பின்பாதி மஞ்சளுமான கிராமாவா, வால்பக்கம் தணலாய்ச் சிவந்த நெருப்பு மீனா, இல்லை கோலம் போட்டதுபோல் நீலமும் ஆரஞ்சும் பச்சையும் பின்னிக்கிடக்கும் மாண்டரினா? சென்னை கொளத்தூர்க் கடைத்தெருவில் இந்தத் தொட்டிகளின் முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டு ஒன்றும் வாங்காமல் திரும்பியவர்களும் உண்டு. அவசரப்பட்டு நான்கைந்தை ஒன்றாக வாங்கிவந்து, ஒரு மாதத்தில் ஒன்றை மட்டும் மிச்சம் வைத்திருப்பவர்களும் உண்டு. இந்த இரு தரப்பினரும் என்னிடம் கேட்டவற்றுக்குச் சொன்ன பதில்களை ஒழுங்குபடுத்தி எழுதியதே இக்கட்டுரை.

## முதலில் தொட்டியின் உண்மையான அளவு

இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் கொண்ட தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 88 லிட்டர். விளிம்புக்குக் கீழே விடும் இடைவெளியையும், அடியில் பரப்பும் மணலையும், நடுவில் நிற்கும் கற்களையும் கழித்துவிட்டால் அதில் நிற்கும் நீர் 70 லிட்டர் அளவுதான். மீனைத் தேர்ந்தெடுக்கும்போது நினைவில் கொள்ள வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை. நீர் குறைவாக இருக்கும் இடத்தில் எல்லா மாற்றங்களும் விரைவாக நடக்கும்: கல்லிடுக்கில் செத்துக் கிடக்கும் ஒரு மீனை ஓரிரவு கவனிக்காமல் விட்டால் அம்மோனியா ஏறிவிடும், ஆவியாகும் நீரை இரண்டு நாள் ஈடுசெய்யாவிட்டால் உப்புத்தன்மை உயர்ந்துவிடும், இரண்டு மணி நேர மின்தடையில் ஆக்சிஜன் குறைந்துவிடும். ஆகவே இந்த அளவுத் தொட்டியில் முழு வளர்ச்சியிலும் பத்து சென்டிமீட்டரைப் பெரிதும் தாண்டாத மீன்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மூன்றே இடங்கள் என்றால், அவற்றில் தவறான மீன் ஒன்று அமர்வது எவ்வளவு பெரிய இழப்பு என்பது விளங்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கல்பவளங்களும் கடல்விசிறிகளும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்பு பெறும் உயிரினங்களின் பட்டியலில், இருக்கின்றன. நம் கடற்கரையில் எடுத்த பவளமோ பவளக் கல்லோ வீட்டுத் தொட்டிக்குள் வரக் கூடாது. யாராவது மலிவாகத் தருவதாகச் சொன்னாலும் வாங்கக் கூடாது. செயற்கைக் கல்லைக் கொண்டு தொட்டியை அமைப்பதே நேர்மையான வழி. அப்படி உலர்ந்த கல்லோடு தொடங்கும் தொட்டியில் நுண்ணுயிர்களும் சிற்றுயிர்களும் பெருகப் பல மாதங்கள் ஆகும். இது மீன் தேர்வையும் நேரடியாகப் பாதிக்கிறது என்பதை மாண்டரினைப் பற்றிப் பேசும்போது பார்ப்போம்.

## எவற்றைக் கொண்டு ஒப்பிடுவது

கடையில் நிற்கும் நீளம் பொருட்டன்று. வளர்ந்த பின் எட்டும் நீளமும், அந்த மீன் நீந்தித் திரியும் இனமா, ஒரு பொந்தை மையமாக வைத்து வாழும் இனமா என்பதும்தான் முதல் அளவுகோல். இரண்டாவது குணம். பரந்த பாறைத்திட்டில் ஒரு மீன் இன்னொன்றைத் துரத்தினால், துரத்தப்படுவது அடுத்த பாறைக்குப் போய்விடும். இரண்டடிக் கண்ணாடிக்குள் ஓட இடமில்லாததால், கடலில் வெறும் மிரட்டலாக முடியும் சண்டை இங்கே சாவில் முடியலாம். மூன்றாவது உணவு: உறைய வைத்த மைசிஸ் இறாலையும் சிறு உருண்டைத் தீவனத்தையும் ஏற்கிறதா, உயிருள்ள இரையை மட்டுமே தேடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நான்காவது அளவுகோல் வெளிநாட்டுக் கையேடுகளில் அதிகம் பேசப்படாதது. ஆனால் நம் ஊரில் முக்கியமானது. பவளத் தொட்டிக்கு ஏற்ற வெப்பநிலை 24 முதல் 27 டிகிரி செல்சியஸ். சித்திரை வைகாசியில் சென்னையின் அறைகளில் தொட்டி நீர் எளிதாக 31 டிகிரியைத் தாண்டும். குளிரூட்டும் சில்லர் வாங்க முடியாதவர்கள் நீர்ப்பரப்பின் மேல் சிறு விசிறியை ஓடவிடுகிறார்கள். அது இரண்டு மூன்று டிகிரியைக் குறைக்கும், காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் அதுவும் குறையும். விசிறி பயன்பட வேண்டுமானால் தொட்டியின் மேற்புறம் திறந்திருக்க வேண்டும். குதிக்கும் மீன் வைத்திருந்தால் மேற்புறம் மூடியிருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டு தேவைகளுக்கும் ஒரே தீர்வு, சட்டத்தில் இழுத்துக் கட்டிய நுண்கண் வலைமூடி. அதைச் செய்ய மனமில்லாதவர்கள் குதிக்கும் மீன்களைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட வேண்டும்.

ஐந்தாவது நிறம். பலர் இதையே முதலாவதாக வைக்கிறார்கள்; நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மீனின் நிறம் அதன் உடலோடு நிலையாக ஒட்டியிருப்பது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். விளக்கு, மீனின் உடல்நலம், அதன் அச்சம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் நாம் காணும் நிறத்தைத் தீர்மானிக்கின்றன. பவளங்கள் ஒளிர்ந்து தெரிய வேண்டும் என்பதற்காகத் தொட்டிகளின் மேல் நீலம் மிகுந்த எல்இடி விளக்குகளை எரிக்கிறோம். அந்த வெளிச்சத்தில் நீலமும் ஊதாவும் எடுப்பாகத் தெரியும். சிவப்பு நிறப்பொருள் திருப்பி அனுப்பச் சிவப்பு ஒளியே அங்கு இல்லாததால், செந்நிற மீன் கருத்து மங்கிக் காணப்படும். கடையில் நீல விளக்கின் கீழ் பார்த்து வாங்கிய மீனை வீட்டில் வெள்ளை விளக்கில் பார்த்து ஏமாந்தவர்களும், அதற்கு நேர்மாறாக ஏமாந்தவர்களும் இருக்கிறார்கள். வாங்கும் முன் கடைக்காரரிடம் சொல்லி வெள்ளை விளக்கை ஒரு நிமிடம் போடச் சொல்லிப் பாருங்கள். அதைவிடப் பெரிய விஷயம், நாளின் பெரும்பகுதியைப் பொந்துக்குள் கழிக்கும் மீன் எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்கள் கூடத்துக்கு அது நிறம் தரப்போவதில்லை என்பது.

| மீன் | வளர்ந்த நீளம் (செ.மீ.) | குணம் | உணவு | குதிக்குமா | கண்ணில் படுவது |
|---|---|---|---|---|---|
| ஒசெல்லாரிஸ் கோமாளி | 8 முதல் 11 | மிதமானது. முதிர்ந்த பெண் கண்டிப்பானது | எதையும் ஏற்கும் | அரிதாக | நாள் முழுவதும் |
| ராயல் கிராமா | 8 | தன் பொந்தை மட்டும் காக்கும் | உறைந்த உணவு, உருண்டை | சில நேரம் | பழகிய பின் அடிக்கடி |
| நெருப்பு மீன் | 9 | மிகச் சாது | உறைந்த உணவு | நிச்சயமாக | அச்சமில்லாத தொட்டியில் மட்டும் |
| நீல டாம்செல் வகை | 7 முதல் 8.5 | சண்டைக்காரன் | எதையும் ஏற்கும் | அரிதாக | நாள் முழுவதும் |
| மாண்டரின் | 6 முதல் 8 | சாது | உயிருள்ள நுண்ணிரை | இல்லை | கற்களின் இடையே அவ்வப்போது |

## ஒசெல்லாரிஸ் கோமாளி மீன்

ஆரஞ்சு உடலில் கருங்கரையிட்ட மூன்று வெண்பட்டைகள் கொண்ட இந்த மீனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எல்லோரும் வைத்திருக்கிறார்கள் என்பதாலேயே இதைத் தவிர்க்க விரும்புகிறவர்கள், ஏன் எல்லோரும் வைத்திருக்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கடலில் இது தன் வாழ்நாள் முழுவதையும் பூப்போல் விரிந்து பாறையில் ஒட்டி வாழும் கடலுயிரான ஒரே கடற்சாமந்தியைச் சுற்றி ஓரிரு மீட்டர் எல்லைக்குள் கழிக்கிறது. சிறிய தொட்டி என்பது இந்த மீனுக்கு மட்டும் அவ்வளவாகச் சிறியதில்லை. வளர்ப்பில் பத்தாண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. எனவே இதை வாங்குவது ஒரு நீண்ட காலப் பொறுப்பு.

கோமாளி மீன்களை முட்டையிலிருந்து பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள தன் மையங்களில் உருவாக்கியிருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் இப்பணி நடந்திருக்கிறது. இவ்வாறு குஞ்சகத்தில் பிறந்த மீன் தொட்டியிலேயே வளர்ந்தது, உருண்டைத் தீவனத்துக்குப் பழகியது, பாறைத்திட்டிலிருந்து யாரும் பிடித்துப் பறிக்காதது. கடலில் பிடிபட்ட கோமாளி மீன்களைச் சில நாட்களிலேயே கொன்றுவிடும் புரூக்லினெல்லா என்னும் தோல் ஒட்டுண்ணி நோயும் குஞ்சக மீன்களில் குறைவு. கடைக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, குஞ்சகத்தில் வளர்ந்ததா என்பதுதான்.

இரண்டாவது கேள்வி, எந்த இனம் என்பது. கோமாளி மீன் என்ற ஒரே பெயரில் பல இனங்கள் விற்கப்படுகின்றன. மன்னார் வளைகுடாவில் இயற்கையாக வாழும் சீபே கோமாளியும், கிளார்க் கோமாளியும் 15 சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். மரூன் கோமாளி அதையும் தாண்டும், குணத்திலும் மிகக் கடுமையானது. இரண்டு விரல்கடை நீளத்தில் பார்க்கும்போது எல்லாம் ஒன்றுபோல் சாதுவாகத் தோன்றினாலும், இரண்டடித் தொட்டிக்கு ஒசெல்லாரிஸ் அல்லது அதன் நெருங்கிய உறவான பெர்குலா மட்டுமே பொருந்தும்.

கோமாளி மீன்கள் அனைத்தும் ஆணாகவே வாழ்க்கையைத் தொடங்குகின்றன. கூட்டத்தில் வலியது பெண்ணாக மாறுகிறது. ஆகவே அளவில் வேறுபட்ட இரண்டு இளம் மீன்களை ஒன்றாக விட்டால், பெரியது பெண்ணாகி இணை உருவாகிவிடும். மூன்றாவதைச் சேர்த்தால் அது அடிபட்டுச் சாகும். இணை அமைந்துவிட்டால் ஓரிரு ஆண்டுகளில் கல்லின் மேல் ஆரஞ்சு நிற முட்டைகளைக் காணலாம். ஆண் மீன் துடுப்பால் விசிறிக்கொண்டே அவற்றைக் காப்பதைப் பார்க்கும் மகிழ்ச்சியை இந்தப் பட்டியலில் வேறு எந்த மீனும் இவ்வளவு எளிதில் தராது.

இதன் மறைமுகச் செலவு கடற்சாமந்தி. மீனை வாங்கியவுடன் அதற்குச் சாமந்தி வேண்டும் என்று தோன்றும். விற்பவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். தொட்டியில் கோமாளி மீனுக்குச் சாமந்தி தேவையே இல்லை. சாமந்திக்கோ வலுவான விளக்கும், பல மாதங்கள் முதிர்ந்த நிலையான நீரும் வேண்டும். பிடிக்காத இடத்தில் வைத்தால் அது நகர்ந்து போய் நீரோட்டப் பம்பில் சிக்கிச் சிதைந்து, ஓரிரவில் தொட்டியையே கெடுத்துவிடக்கூடும். சாமந்தி இல்லாத மீன் சில சமயம் மென்மையான பவளம் ஒன்றைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டு அதை விரியவிடாமல் உராய்ந்துகொண்டே இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். முட்டை காக்கும் காலத்தில் பெண் மீன் தொட்டிக்குள் நீளும் கையைக் கடிக்கும்; காயம் ஏற்படாது.

## ராயல் கிராமா

பஹாமாஸ் முதல் கரீபியன் கடல் வரை பாறை விளிம்புகளின் அடியில் வாழும் இம்மீனின் நிறத்தைப் போல நேர்த்தியான இரட்டை நிறம் சிறிய மீன்களில் அரிது. தலையில் அடர்ந்து தொடங்கும் ஊதா, உடலின் நடுவில் புள்ளிப் புள்ளியாகக் கரைந்து மஞ்சளுக்கு வழிவிடுகிறது. நீலம் மிகுந்த பவள விளக்கின் கீழும் ஊதா மங்குவதில்லை. ஐந்தில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான் என்பதை மறைக்கவில்லை. எனவே இதன் குறைகளை இன்னும் கவனமாகச் சொல்ல வேண்டியவனாகிறேன்.

முதல் குறை, வந்த புதிதில் ஒளிந்துகொள்ளும். ஒன்று முதல் இரண்டு வாரங்கள் வரை உணவு நேரத்தில் மட்டும் தலையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விடும். தனக்கென ஒரு குகையைத் தேர்ந்துகொண்ட பிறகு அதன் வாயிலில் மிதந்துகொண்டே இருக்கும். பாறையின் அடிப்புறத்தை நோக்கி வயிற்றைத் திருப்பிக்கொண்டு தலைகீழாக மிதப்பதைப் பார்த்து நோய் என்று அஞ்ச வேண்டாம்; அது இம்மீனின் இயல்பு. இதற்காகக் கற்களைச் சுவர்போல அடுக்காமல், மேலே ஒரு தட்டையான கல் நீண்டு நிற்கும்படி குடைவாக அமைக்க வேண்டும். ஒரு தொட்டிக்கு ஒன்றுதான். இரண்டு விட்டால் சண்டை நிச்சயம். பவளத்தையும் இறாலையும் தொடாது.

இரண்டாவது, ஆள்மாறாட்டம். பசிபிக்கில் வாழும் ராயல் டாட்டிபேக் என்னும் மீனும் பாதி ஊதா, பாதி மஞ்சள். சில ஆண்டுகளுக்கு முன் நான் கிராமா என்று நம்பி ஒரு கடையில் வாங்கிவந்த மீன், மூன்று வாரங்களில் தொட்டியில் இருந்த சிறு கோபி மீனின் துடுப்புகளைக் கிழித்துவிட்டது. அதைப் பிடித்து வெளியேற்றுவதற்கு எல்லாக் கற்களையும் எடுக்க வேண்டியிருந்தது, கோபி பிழைக்கவில்லை. இவ்விரண்டையும் வேறுபடுத்த எளிய வழி இருக்கிறது. டாட்டிபேக்கில் ஊதாவும் மஞ்சளும் கத்தியால் வெட்டியதுபோல் நேர்க்கோட்டில் பிரியும், துடுப்புகள் நிறமற்றுக் கண்ணாடிபோல் இருக்கும். கிராமாவில் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து மாறும், முதுகுத் துடுப்பின் முன்பகுதியில் ஒரு கரும்புள்ளி இருக்கும், கண்ணை ஊடுருவிச் செல்லும் கோடும் தெரியும். அட்லாண்டிக்கிலிருந்து வர வேண்டிய மீன் என்பதால் நம் ஊரில் கிராமாவின் விலை அதிகம். மலிவாகக் கிடைத்தால் ஐயத்தோடு பாருங்கள்.

## நெருப்பு மீன்

முன்பாதி பால்வெண்மை, முகத்தில் இளமஞ்சள், பின்பாதி ஆரஞ்சிலிருந்து கருஞ்சிவப்பு, தலைக்கு மேல் கொடிபோல் நீண்டு துடிக்கும் ஒற்றைத் துடுப்புக்கதிர் என்று, வடிவத்தால் இந்த ஐந்தில் எல்லாவற்றையும் விஞ்சுவது இது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரை மணலும் கல்லும் கலந்த சரிவுகளில், தன் வளைக்கு மேலே நீரோட்டத்தை எதிர்நோக்கி மிதந்தபடி, அடித்துவரும் சிற்றுயிர்களைக் கொத்தித் தின்று வாழ்கிறது. ஆபத்து வந்தால் ஒரே பாய்ச்சலில் வளைக்குள் மறைந்துவிடும். இந்தப் பாய்ச்சல்தான் தொட்டியில் இதன் உயிருக்கு எமனாகிறது. வளையை நோக்கிப் பாயாமல் மேல்நோக்கிப் பாய்ந்தால் தரையில் விழும்.

மின்தடைக்குப் பின் விளக்குகள் சட்டென்று எரிந்த ஓர் இரவில் என் நெருப்பு மீன் அப்படித்தான் போயிற்று. மூடியில் வடிகட்டிக் குழாய்க்காக விட்டிருந்த இரண்டு விரல்கடை இடைவெளியே அதற்குப் போதுமானதாக இருந்தது. விடிந்த பிறகு அதைத் தரையில் காய்ந்து கிடக்கக் கண்டேன். அதன் பின் வலைமூடியைக் குழாய்களைச் சுற்றியும் நெருக்கமாகத் தைத்து வைத்திருக்கிறேன். மின்தடை அடிக்கடி நேரும் பகுதிகளில் இருப்பவர்கள், மின்சாரம் திரும்பியதும் விளக்கு உடனே எரியாதபடி அதைத் தனி நேரக்கருவியில் இணைப்பதும் நல்லது.

சாதுவான மீன் என்பது இதன் சிறப்பும் பலவீனமும் ஆகும். டாம்செலோடு விட்டால் வளையைவிட்டு வெளியே வராமல் பட்டினி கிடக்கும். இரண்டாக வாங்கினால், ஏற்கனவே இணைசேர்ந்தவையாக இருந்தாலொழிய, ஒன்று மற்றதைத் துன்புறுத்திக் கொல்லும். செந்நிறம் நீல விளக்கில் மங்கும் என்று முன்னர்ச் சொன்னது இதன் வால்பகுதிக்கு முழுதாகப் பொருந்துவதால், நாளில் சில மணி நேரமாவது வெண்ணொளி எரியும் தொட்டியில்தான் இதை ரசிக்க முடியும்.

## நீல டாம்செலும் மஞ்சள்வால் டாம்செலும்

கடையில் மிக மலிவான கடல் மீன் எது என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் காட்டுவார்கள். நிறத்தின் செறிவிலும் உடல் உறுதியிலும் குறை சொல்ல முடியாது. இந்த நீலம் சாயத்தால் வருவதன்று. தோலிலுள்ள நுண்ணிய படிகத் தகடுகள் நீல ஒளியைத் திருப்பி அனுப்புவதால் உண்டாவது. தகடுகளின் இடைவெளியை மீன் மாற்றிக்கொள்ள முடியும் என்பதால், நீல டாம்செல் மிரண்டால் சில நொடிகளில் கருத்துவிடும், அமைதியடைந்தால் மறுபடி நீலமாகும். கடைத் தொட்டியில் கருத்த நிலையில் ஒதுங்கி நிற்பதை வாங்காமலிருக்க இந்தச் செய்தி உதவும்.

மலிவான இம்மீனே பிறகு மிக விலையுயர்ந்ததாக மாறுகிறது. முதலில் குடியேறும் டாம்செல் தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும். பிறகு வரும் ஒவ்வொரு மீனையும் துரத்தும். அதைப் பிடிக்க வேண்டுமானால் பவளம் ஒட்டிய கற்களையெல்லாம் பிரிக்க வேண்டும். சிறு தொகையைச் சேமிக்கப்போய், அடுத்து வாங்கிய மீன்களை ஒவ்வொன்றாக இழந்தவர்களை நான் அறிவேன். புதுத் தொட்டியில் அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகும் சுழற்சியைத் தொடங்கிவைக்க டாம்செலை விடலாம் என்னும் பழைய வழக்கத்தையும் கைவிட வேண்டும். அம்மோனியா அதன் செவுள்களை எரிக்கிறது. உயிர் பிழைப்பதால் அதற்கு வலிக்கவில்லை என்று ஆகிவிடாது. ஒரு சிட்டிகை மீன் தீவனத்தை அழுகவிட்டாலே அந்தச் சுழற்சி தொடங்கிவிடும்.

இரண்டில் ஒன்றைக் கட்டாயம் தேர்வதானால் மஞ்சள்வால் டாம்செலைத் தேர்ந்தெடுங்கள். ஏழு சென்டிமீட்டருக்குள் நிற்பதும், தன் இனத்தாரில் சற்றுப் பொறுமையானதும் அதுவே. கடைசியாகச் சேர்க்கும் மீனாக, ஒன்றே ஒன்றாக விடும்போது பல தொட்டிகளில் அது அமைதியாக இருந்துவிடுகிறது.

## மாண்டரின்

இவ்வளவு அழகான மீன் கடலில் இல்லை என்று சொல்பவர்களை நான் மறுக்க மாட்டேன். விலங்குலகில் நீல நிறம் பெரும்பாலும் டாம்செலைப் போல ஒளியின் விளைவாகவே உண்டாகிறது. மாண்டரினின் தோலிலோ நீலநிறச் சாயமே கொண்ட உயிரணுக்கள் இருப்பதை 1995ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் விவரித்தனர். முதுகெலும்புள்ள விலங்குகளில் இது மிகமிக அரிது. செதிலற்ற உடலைக் கசப்பான வழுவழுப்புச் சளி போர்த்தியிருப்பதால் வெள்ளைப் புள்ளி நோய் எளிதில் பற்றுவதில்லை. சாது, பவளத்தைத் தொடாதது, எட்டு சென்டிமீட்டரைத் தாண்டாதது. காகிதத்தில் பார்த்தால் சிறிய தொட்டிக்கே பிறந்ததுபோல் இருக்கிறது.

ஆனால் அதன் வாயையும் வயிற்றையும் பார்க்க வேண்டும். கற்களின் மேல் மெல்ல நகர்ந்துகொண்டே, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான கோபிபாட் என்னும் நுண்ணிரைகளைப் பகல் முழுவதும் இடைவிடாமல் கொத்தித் தின்னும் உயிர் இது. வேகமாக உண்ணத் தெரியாது. மற்ற மீன்களோடு போட்டியிட முடியாது. கடலிலிருந்து பிடித்த மாண்டரின்களில் பல உறைந்த உணவைத் தொடுவதே இல்லை. செயற்கைக் கல்லில் தொடங்கிய 70 லிட்டர் தொட்டியில் இருக்கும் கோபிபாட்டுகள் ஓரிரு வாரங்களில் தீர்ந்துவிடும்; அதன் பிறகு மீன் நிறம் குன்றாமலேயே மெலியத் தொடங்கும். முதுகின் ஓரம் குழிந்து, வயிறு ஒட்டிப்போவதைக் கவனித்து உணரும் நேரத்தில் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அழகு குறையாமல் ஒரு மீன் பட்டினியால் சாவதை நண்பர் ஒருவரின் வீட்டில் வாரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். உணவு வகை வகையாக வாங்கிவந்து ஊட்ட முயன்ற அவருடைய தவிப்பையும் மறக்க முடியவில்லை.

குப்பியில் விற்கும் உயிருள்ள கோபிபாட்டுகளை வாரந்தோறும் வாங்கிவிடுவதோ, பாசி வளர்த்துக் கோபிபாட் பெருக்கும் தனிக் கலன் வைப்பதோ இதற்கு வழிகள். முதலாவதன் செலவு மீனின் விலையைச் சில மாதங்களிலேயே தாண்டும். இரண்டாவதற்கு அன்றாட உழைப்பு வேண்டும். குஞ்சகத்தில் பிறந்து உறைந்த உணவுக்குப் பழகிய மாண்டரின் கிடைத்து, அது உண்பதைக் கடையில் இரண்டு வெவ்வேறு நாட்களில் உங்கள் கண்ணால் பார்த்து, உங்கள் தொட்டிக்கும் ஓராண்டு வயது நிறைந்து, வேகமாக உண்ணும் மீன் எதுவும் அதில் இல்லையென்றால் மட்டும் எண்ணிப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதே.

## பட்டியலில் சேர்க்காதவை

நீல டாங் 30 சென்டிமீட்டர் வரை வளர்ந்து பாறைத்திட்டின் நெடுகிலும் நீந்தித் திரியும் மீன். உள்ளங்கையளவுக் குஞ்சாக விற்கப்படுவதால்தான் இரண்டடித் தொட்டிக்குக் கேட்கிறார்கள். பட்டாம்பூச்சி மீன்களில் பல பவளத்தின் உயிர்த்தசையையே தின்பவை. இவற்றை ஒப்பீட்டில் வைக்கவே இடமில்லை.

## யாருக்கு எது

இதுதான் முதல் கடல்நீர்த் தொட்டி, வீட்டில் குழந்தைகள் பார்க்க வேண்டும், விசிறியால் மட்டுமே நீரைக் குளிர்விக்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்களுக்குக் குஞ்சகத்தில் வளர்ந்த ஒசெல்லாரிஸ் இணையைவிட நல்ல தேர்வு எனக்குத் தெரியவில்லை. பவளங்களுக்கே முதலிடம், நீல விளக்குதான் பெரும்பாலும் எரியும், மீன் ஒன்று போதும் என்பவர்கள் கூடுதல் விலை கொடுத்துக் கிராமாவை வாங்கலாம்; பல ஆண்டுகள் நிறைவைத் தரும். அமைதியான அறையில் வலைமூடியோடு தொட்டி வைத்து, அருகில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்க்கும் ஒருவருக்கு நெருப்பு மீன் பொருத்தமானது. ஆள் நடமாட்டம் மிகுந்த கூடத்தில் அது வெளியே வராது. ஒரே ஒரு மீன்தான் எப்போதும் இருக்கும் என்று உறுதியாகச் சொல்பவருக்கு மஞ்சள்வால் டாம்செல் குறைந்த செலவில் நிறைந்த நீலத்தைத் தரும்.

மூன்று இடங்களையும் நிரப்ப விரும்பினால் கோமாளி இணையும் ஒரு கிராமாவும் நன்றாகப் பொருந்தும். ஒன்று மேல்நீரிலும் மற்றது பாறையின் அடியிலும் வாழ்வதால் மோதல் குறைவு. நெருப்பு மீனையும் கிராமாவையும் சேர்க்க எண்ணுகிறவர்கள் இரண்டுக்கும் தொட்டியின் எதிரெதிர் முனைகளில் பொந்துகளை அமைத்துக் கொடுக்க வேண்டும். ஒரே பொந்தை இரண்டும் விரும்பினால் கிராமா வாயைப் பிளந்து மிரட்டும், நெருப்பு மீன் தோற்றுவிடும்.

எதை வாங்கினாலும் நேரே தொட்டியில் விட வேண்டாம். முப்பது லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில், சிறு வடிகட்டியும் ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டும் வைத்து, நான்கு வாரங்கள் தனியே வைத்துக் கவனிக்க வேண்டும். வெள்ளைப் புள்ளி நோய்க்குரிய தாமிர மருந்தைப் பவளத் தொட்டியில் ஊற்ற முடியாது. இறாலும் நத்தையும் பவளமும் அதில் மடிந்துவிடும். ஆகவே நோயைக் கண்டறிய வேண்டிய இடம் இந்தத் தனித்தொட்டிதான். செதிலற்ற மாண்டரினுக்குத் தனித்தொட்டியிலும் தாமிரம் ஆகாது.

தொட்டியில் சேர்க்கும் வரிசையில் சாதுவானது முன்னாலும் வலியது பின்னாலும் வர வேண்டும்: நெருப்பு மீன், பிறகு கிராமா, கடைசியாகக் கோமாளி அல்லது டாம்செல். ஒவ்வொன்றுக்கும் இடையே மூன்று நான்கு வாரங்கள் விட்டால் வடிகட்டியிலுள்ள நுண்ணுயிர்கள் கூடுதல் கழிவுக்கு ஏற்பப் பெருகிக்கொள்ளும். வரிசையை மாற்றிச் சேர்க்க நேர்ந்துவிட்டால், புதிய மீனை விடும் நாளில் பவளம் ஒட்டாத கற்கள் இரண்டு மூன்றை இடம் மாற்றி வைத்து, விளக்கை அணைத்த பிறகு விடுங்கள். பழைய மீனும் அன்றிரவு தனக்கான இடத்தைப் புதிதாகத் தேட வேண்டியிருப்பதால் புதியதைத் துரத்துவதற்கு அதற்கு அவகாசம் இருக்காது.